கலந்துபோன மாவு

ஸ்டெல்லாவின் போன் வந்தபோது கவிதா ராகி வறுத்துக்கொண்டிருந்தாள். மலைமேல், செம்மேட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட கொட்டகை ஒன்றில், அவளும் இன்னும் நாலு பெண்களும் சேர்ந்து சத்துமாவு செய்து விற்றார்கள். ராகி, சாமை, பயறு எல்லாம் மலையில் விளைந்தவை. கவிதாவின் தம்பி தமிழ்செல்வன் சென்னையில் ஒரு கபடி அணிக்கு ஆடுகிறவன். தினமும் காலையில் அவன் கரைத்துக் குடிப்பது அக்காவின் மாவைத்தான். அந்த அணியின் சாப்பாட்டைக் கவனிக்கிற ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டு, மற்ற ஆட்டக்காரர்களுக்கும் வாங்கலாம், ஆனால் லேபில் பாஸாக வேண்டும் என்று ஒரு பாக்கெட்டைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள்.

"கவிதா, உங்க மாவுல ஸ்டீராய்டு இருக்காம்."

"பூச்சி மருந்துங்களா மேடம்? நாங்க அடிக்கிறதே இல்லீங்களே."

"பூச்சி மருந்து இல்ல. உடம்பு ஏத்துறதுக்குப் போடுற மருந்து. விளையாட்டுல அதுக்குத் தடை. கொஞ்சூண்டுதான் இருக்கு. ஆனா அதுவே போதும், டெஸ்ட்ல காட்டிடும்." ஸ்டெல்லாவின் குரல் தணிந்தது. "போன மேட்ச் முடிஞ்சதும் தமிழ்கிட்ட யூரின் எடுத்துட்டுப் போயிருக்காங்க. ரிசல்ட் இன்னும் வரல. சீல் உடைக்காத பாக்கெட் இருந்தா பத்திரமா வைங்க."

ராகி கருகுவதுகூடத் தெரியாமல் நின்றாள் கவிதா. கூட வேலை செய்யும் கண்ணாயி வந்து அடுப்பை அணைத்தாள்.

வறுப்பதும் அரைப்பதும் கொட்டகையிலேயே, கண் முன்னால் நடக்கிறது. பாக்கெட் போடுவது மட்டும்தான் கீழே, காளப்பநாயக்கன்பட்டியில், பூபதியின் மெஷினில். கவிதா அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். வளைவுக்கு வளைவு சாய்ந்து பஸ் கீழே இறங்கியதும், நேராகப் பூபதியிடம் போனாள்.

"அண்ணா, போன தடவை எங்க மாவுக்கு முன்னால இந்த மெஷின்ல என்னங்க போட்டீங்க?"

"ஜிம்மு பசங்க குடிக்கிற பவுடரு கண்ணு. சேலத்துல இருந்து ஒரு பார்ட்டி கொண்டாந்தான்."

"அப்பறம் கழுவுனீங்களா?"

"துணியில தொடைச்சேன். தண்ணி ஊத்துனா மோட்டாரு போயிரும்ல?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். பூபதியின் முகம் செத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு அருகில் வந்தார்.

"இங்க பாரு கண்ணு. ஊட்டுலயே புதுசா அரைச்சு, கையாலயே பாக்கெட் போட்டு அனுப்பு. பாஸாயிரும். மொதல்ல அனுப்புனது வேற யாருதோ மாறிப்போச்சுன்னு சொல்லிரு. உன்ற ஆர்டரும் நிக்கும், என்ற பொழப்பும் நிக்கும்."

கவிதா உடனே மறுத்துவிடவில்லை. அந்த ஆர்டரை நம்பித்தான் கொட்டகையைப் பெரிதாக்கியிருந்தார்கள். வாசலுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டு, பூபதி சொன்னதை அப்படியே சொன்னாள்.

"மாறிப்போச்சுன்னு நீ சொல்லிட்டா நான் எங்கக்கா போவேன்? இவன் ஊசி போட்டுக்கிட்டான்னுதான சொல்லுவாங்க?"

"நீ போட்டுக்கலயே சாமி?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"நீயே கேக்கறியாக்கா?" என்றான். போன் கட்டாகிவிட்டது.

அவள் உள்ளே போய், போன தடவை போட்டதில் சீல் உடையாமல் மிச்சமிருந்த பாக்கெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். பூபதி குறுக்கே வந்து நின்றார்.

"என் வயித்துல அடிக்காத கண்ணு."

"எங்க மாவுங்கண்ணா. நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள். பூபதி விலகி வழிவிட்டார்.

பெட்டியை அன்றே சென்னைக்கு அனுப்பினாள். ஆனால் அதே மாவு மலைக்குள்ளும் விற்றிருந்தது. அதைத் திரும்ப வாங்க வேண்டும் என்றதும் கண்ணாயி பாய்ந்தாள்.

"நம்ம பேர நாமளே கெடுத்துக்கறதா? இங்க யாரு டெஸ்ட் எடுக்கப் போறா?"

"அதனாலதான் போறேன்" என்றாள் கவிதா.

தனியாகவே வீடு வீடாகப் போனாள். சின்னக்கண்ணு வீட்டில் பாக்கெட் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. பேரனுக்கு இரண்டு வேளையும் அதுதான் கூழாம்.

"புள்ளைக்கு என்ன ஆவும் கவிதா?"

"தெரியலைங்க."

பேரனைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஜோசப், இவ்வளவு குறைந்த அளவில் பயப்பட ஒன்றும் இருக்காது, இனிமேல் கொடுக்காதீர்கள் என்றார். நிச்சயமாகத்தானே என்று சின்னக்கண்ணு மறுபடி கேட்டபோது அவர் குழந்தையின் தலையைத் தடவிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அதற்கப்புறம் பல நாள், எதிரில் வந்தாலும் சின்னக்கண்ணு கவிதாவைப் பார்க்காமலே கடந்துபோனாள்.

தமிழ்செல்வனின் ரிசல்டில் மருந்து இருப்பதாகவே வந்தது. விசாரணை வைத்தார்கள். சீல் உடைக்காத பாக்கெட்டிலும் அதே மருந்து இருந்ததால், அவன் தெரிந்து சாப்பிடவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். வருடக்கணக்கில் போட வேண்டிய தடை மாதங்களாகக் குறைந்தது. ஆனாலும் அந்த சீசன் போயிற்று. அணி அவனுக்குப் பதிலாக வேறொரு பையனை எடுத்துக்கொண்டது. சத்துமாவு ஆர்டரும் போயிற்று. கண்ணாயியும் இன்னொருத்தியும் கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு தமிழ்செல்வன் ஊர் வந்து சேர்ந்தான். கவிதா களி கிண்டி, கீரை கடைந்து தட்டில் வைத்தாள். அவன் கை தட்டுக்கு மேலேயே நின்றது.

"இது எங்க அரைச்சதுக்கா?"

"இங்கயேதான் சாமி. நான்தான் அரைச்சேன்."

அவன் தலையாட்டினான். கை மட்டும் இறங்கவில்லை. கவிதா அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு போன்ல உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"நானும் இப்பக் கேட்டுட்டேனே" என்றான் அவன். சிரிக்க முயன்றான், முடியவில்லை. களியில் ஓர் உருண்டை பிட்டு, கீரையில் தோய்த்து, மெதுவாக வாயில் போட்டுக்கொண்டான். அவன் விழுங்கும் வரை கவிதா பார்த்துக்கொண்டே இருந்தாள்.