நோயில்லாத தோட்டம்

ஹந்தானை மலைச்சரிவில் கோப்பி பழுத்துச் சிவந்து நின்ற காலத்தில்தான் அந்தச் சட்டம் வந்தது. தோட்டத்து ஆட்களுக்கு நோய் வந்தால் துரைமார்தான் பார்க்க வேண்டும், டொக்டர் வந்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், முடியாதவர்களைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. செலவு யாருடையது என்ற பேச்சு வந்தபோதுதான் சங்கடம். துரை, ஆட்களை ஊரிலிருந்து கூட்டிவந்த கங்காணி காளிமுத்துவைப் பார்த்தார். காளிமுத்து தன் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் பார்ப்பதற்கு அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை.

"நம்ம ஆள் ஒருத்தர் ஆஸ்பத்திரில படுத்தா, அங்க திங்கிற சோத்துக்கும் மருந்துக்கும் என் பேர்லதான் செலவு எழுதுவாங்க. நான் எங்க போறது? உங்க கணக்குலதான் புடிக்கணும்" என்றார் காளிமுத்து, லயத்து வாசலில் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு.

முதலில் வாயைத் திறந்தவள் பேச்சியம்மாதான். அந்த லயத்தில் எதற்கும் முதலில் வாயைத் திறப்பவள் அவள்.

"செலவு கிடக்கட்டும் கங்காணி. ஆஸ்பத்திரிக்குப் போனவுக யாராவது திரும்பி வந்திருக்காகளா? ஒருத்தர காட்டுங்க, நானே எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்."

யாராலும் காட்ட முடியவில்லை. உண்மையிலேயே யாரும் திரும்பி வந்ததில்லை. மூச்சு தொண்டைக்குழிக்கு வந்த பிறகுதான் ஒருவரைக் கம்பளியில் போட்டு, கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்குவார்கள். பாதி உயிர் வழியிலேயே போய்விடும். மீதிப் பாதியை டொக்டர் கையில் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி ஆளைக் கொன்றுவிட்டது என்று பேசிக்கொண்டே மேலே ஏறி வருவார்கள். இதை எடுத்துச் சொல்ல அன்று அங்கே ஆளில்லை. சொல்லியிருந்தாலும் பேச்சியம்மா காதில் வாங்கியிருக்கமாட்டாள்.

அவளுக்கு அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஊரிலிருந்து தோணியில் வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக நடந்து வந்தபோது, அவள் நாத்தனார் வேலாயியின் புருஷனுக்கு வாந்திபேதி கண்டது. கூட்டம் நிற்கவில்லை. ஒரு பாலைமரத்தடியில் அவனைச் சாய்த்து, பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீரை வைத்துவிட்டு எல்லாரும் நடந்தார்கள். வேலாயி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவள் பேச்சியம்மா. இனி தன் ஆட்களில் ஒருவரையும் எங்கேயும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அன்றைக்கு அவள் மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்றாலே அந்தப் பாலைமரம்தான் அவள் கண்முன் வந்து நிற்கும்.

பழம் பறிக்கும் காலம் உச்சத்தில் இருந்தபோது வேலாயிக்குச் சீதபேதி கண்டது. முதலில் சளி, பிறகு ரத்தம். பேச்சியம்மாவின் புருஷன் சின்னமுத்து, தங்கச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கங்காணிகிட்ட சொல்லி அனுப்பிறலாமா?" என்று கேட்டான். மனைவியிடம் எதையும் கேள்வியாகவே கேட்டுப் பழகியவன்.

"அனுப்புறதா? கூடப் பொறந்தவனாய்யா நீ?" என்றாள் பேச்சியம்மா. அதோடு அவன் அடங்கிவிட்டான்.

காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணும் பெரட்டுக்கு நிற்காதவளுக்கு அன்றைய கூலிப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அரிசி குறையும். பேர் தொடர்ந்து விழாமல் போனால் ஏன் என்று கேள்வி வரும். அதனால் விடிந்ததும் பேச்சியம்மா, வேலாயியைத் தானும் பக்கத்து வீட்டு ராக்கம்மாவுமாக நடுவில் நிறுத்தித் தோளோடு தோள் அணைத்துக்கொண்டு பெரட்டில் நின்றாள். மலைக்குப் போனதும் அவளை ஒரு கோப்பிச் செடியின் மறைவில் உட்காரவைத்துவிடுவார்கள். செடி வரிசையான நிரையில் பறித்துக்கொண்டு போகிற ஒவ்வொருத்தியும் கடக்கும்போது ஒரு கைப்பிடி பழத்தை வேலாயியின் சாக்கில் போட்டுவிட்டுப் போவாள். அந்தக் கூட்டத்தில் இது புதிதில்லை. பிள்ளை பெற்றவளுக்கும், கால் பிசகியவளுக்கும் செய்கிறதுதான். மாலையில் பழம் அளக்கும்போது வேலாயியின் சாக்கு நிறைந்திருக்கும். சில நாட்களில் பேச்சியம்மாவுடையதைவிடக் கூடுதலாகவே இருக்கும். காளிமுத்து எல்லாம் பார்த்தார். பார்க்காதவர் மாதிரி வேறு பக்கம் திரும்பி எச்சில் துப்பினார்.

பேச்சியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம ஆளை நாம விட்டுக்குடுக்கலாமாடி?" என்று நிரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், ராஜலிங்கம் என்று பேர். மெலிந்த உடம்பு, மலையேறி வந்த மூச்சிரைப்பு. லயத்தைச் சுற்றி வந்தவர், ஓடைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். பிறகு எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்.

"கொல்லைக்குப் போற இடத்துக்குக் கீழதான் தண்ணி அள்ளுறியள். இனி மேல்பக்கம் போய் அள்ளுங்கோ, கொதிக்க வைச்சுக் குடியுங்கோ. ஆருக்காவது வயித்தாலை போகுதோ? ரத்தமாப் போகுதோ? பயப்பிடாமச் சொல்லுங்கோ. அதுக்கு என்னட்டை நல்ல மருந்து இருக்கு."

லயம் மூச்சுக் காட்டவில்லை. எல்லார் கண்ணும் பேச்சியம்மா பக்கம் போய்த் திரும்பியது. டொக்டர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து வேலாயியின் முன்னால் நின்றார். முந்தானையால் இழுத்துப் போர்த்தியிருந்தும் கழுத்தெலும்பு தெரிந்தது.

"உமக்குச் சுகமோ பிள்ளை?"

வேலாயி நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றாள் பேச்சியம்மா. "புருசன் செத்ததுலருந்து அப்படித்தான் வத்திப் போயி இருக்கா. நேத்துகூட சாக்கு ரொப்பினா. கங்காணியக் கேளுங்க."

கங்காணி தலையை ஆட்டினார். வேலாயி வாயை மூடிக்கொண்டாள். டொக்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போனார்.

அன்று மாலை அடுப்படியில் சுருண்டு கிடந்தபடி வேலாயி கேட்டாள்: "மதினி, அந்த மருந்தத்தான் ஒருதடவ குடிச்சுப் பாத்தா என்ன?"

"மருந்து குடுக்கிறேன்னு கூட்டிட்டுப் போயி அங்க போட்டுருவாக. மாதுளை ஓடு அவிச்சு வச்சிருக்கேன், அதக் குடி. நான் இருக்கேன்ல?"

வேலாயி குடித்தாள். மதினி எது கொடுத்தாலும் குடிப்பாள்.

அதற்கப்புறம் ஒருநாள் கணக்கப்பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். கண்டியில் துரைமார் கூடி அந்தச் சட்டத்தைப் பற்றி வாதாடினார்களாம். நம்ம துரை எழுந்து, என் தோட்டத்தில் இந்தப் போகம் முழுக்க நோயாளி என்று ஒருத்தர் கிடையாது, நான் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று மேசையைத் தட்டினாராம். எல்லாரும் கைதட்டினார்களாம். லயத்திலும் சிலர் சிரித்தார்கள். பேச்சியம்மாவும் சிரித்தாள். அன்று சிரித்ததை நினைத்து அவள் பிறகு பலமுறை தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். ஆனால் அன்றைக்குச் சிரித்தாள் என்பதுதான் நிஜம்.

வேலாயி ஒரு விடிகாலையில் பெரட்டுக்கு எழுப்பப்போனபோது எழும்பவில்லை.

கணக்குப்படி முந்தின நாள் சாக்கு நிறையப் பறித்தவள், மறுநாள் காலையில் பிணம். துரைக்கு உயிரே போய்விட்டது. வாந்திபேதிதான் வேறென்ன, லயத்தைக் கொளுத்து, கூட்டத்தை மொத்தமாக மலையைவிட்டு இறக்கு என்று குதித்தார். ஆள்விட்டு டொக்டரை அழைத்து வந்தார்கள். பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் வெளியே நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"எப்ப துவங்கினது?" என்று டொக்டர் கேட்டார்.

பேச்சியம்மாதான் பேசினாள். இந்தத் தடவை அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இது வாந்திபேதி இல்லைங்க. லயத்தக் கொளுத்தாதீக. ரத்தபேதிங்க. பழம் பறிப்பு மும்முரமா இருந்தப்பவே கண்டுருச்சு. அதுக்கப்புறம் அவ ஒரு பழம்கூடப் பறிக்கல. நாங்கதான் ரொப்பினோம்."

டொக்டர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் வந்த அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றார். அப்புறம் வரிசையைப் பார்த்து, "வேற ஆருக்கு?" என்று கேட்டார்.

மறுபடியும் அதே மௌனம். அவள் கற்றுக்கொடுத்த மௌனம். அப்போதுதான் பேச்சியம்மா கவனித்தாள். சின்னமுத்துவின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் தோளை ஒட்டி நின்றார்கள். அவன் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கச்சியைப் பார்ப்பாளா, நம்மைப் பார்ப்பாளா என்று, தனக்கும் பேதி கண்டதை அவளுக்குத் தெரியாமலே மறைத்திருக்கிறான். கூட்டமும் அவனுக்குத் துணை நின்றிருக்கிறது. வாசலில் கிடந்த பிணத்தைக்கூட மறந்து, பேச்சியம்மா ஓடிப்போய் அவனைப் பிடித்து டொக்டர் முன்னால் தள்ளினாள்.

"இவுகளுக்கு இருக்கு ஐயா. கூட்டிட்டுப் போங்க. எம்புட்டுச் செலவானாலும் என் கணக்குல எழுதச் சொல்லுங்க."

காளிமுத்து செலவுப் பேச்சை எடுக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

சின்னமுத்து நடந்தே மலையிறங்கினான். அந்தத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து போன முதல் ஆள் அவன்தான். வேலாயியின் காரியம் முடிந்து சில நாட்களில், அவன் நடந்தே மேலேறியும் வந்தான். லயமே எழுந்து ஓடியது. பிள்ளைகள் அவன் காலைக் கட்டிக்கொண்டார்கள். ராக்கம்மா அவன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இனி யாருக்கு எது வந்தாலும் டொக்டரிடம் சொல்லிவிடுவது என்று காளிமுத்து அங்கேயே சத்தமாகச் சொன்னார்.

"ஒரு பொடி குடுக்கிறாக" என்று சின்னமுத்து சொல்லிக்கொண்டிருந்தான். "மொத நாள் கொடலே வெளிய வர்ற மாதிரிக் குமட்டும். ரெண்டு மூணு நாள்ல ரத்தம் நின்னு போச்சு. பக்கத்துல ஒரு பொம்பள கெடந்துச்சு, எலும்புந்தோலுமா. நம்ம வேலாயியவிட மோசம். அதுவே எந்திரிச்சு நடந்து வீட்டுக்குப் போச்சுன்னா பாரேன்..."

சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

பேச்சியம்மா உள்ளே போய்க் கஞ்சியை ஊற்றிவைத்தாள். புருஷன் பிழைத்து வந்ததில் அவளுக்கு எத்தனை சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் முகத்தில் ஏறியிருந்த தெளிவை அவளால் நேரே பார்க்க முடியவில்லை. அவன் நல்லபடியாகச் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் வேலாயிக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அவன் ஏசினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. கை ஓங்கினால்கூடத் தேவலை. அவன் சும்மா கஞ்சி குடித்தான்.

கடைசியில் அவளே சொன்னாள்: "அன்னைக்கு டொக்டர் கேட்டப்ப அவ சொல்லத்தான் வந்தா. நாந்தான் சொல்லவிடல."

சின்னமுத்து சட்டியைக் கீழே வைத்தான்.

"தெரியும்" என்றான். "நானும் பக்கத்துலதான நின்னேன்."