ஃபாதர் மாப்பிள்ளையைத்தான் கேட்டார்

"யாருடைய கட்டாயமும் இல்லாமல், முழு மனதோடு வந்திருக்கிறாயா?" என்று செமிலிங் கோயிலில், பீடத்தின் முன் நின்ற மாப்பிள்ளை ஜூலியஸிடம் ஃபாதர் கேட்டார்.

"ஆமா ஃபாதர்!" என்று முதல் வரிசையிலிருந்து அவன் அம்மா ஜெனவீவ் பதில் சொன்னாள். அந்தக் குரல் தூரத்து ஊரான ஜித்ராவரை போய்த் திரும்பியிருக்கும்.

மணப்பெண் மெலிசா பூச்செண்டைத் தாழ்த்தினாள். "ஜூலியஸ், நீ சொல்லுலா. இல்லன்னா நான் வீட்டுக்குப் போறேன்."

மின்விசிறிகள்கூட நின்றுவிட்டன என்று சத்தியம் செய்வேன். ஜூலியஸுக்கு வழிந்த வியர்வையில் ஒரு வயலையே நட்டிருக்கலாம்.

"அம்மா, உக்காருங்க" என்றான் கடைசியில். பிறந்ததிலிருந்து அவளை அவன் எதிர்த்துப் பேசியது அன்றுதான். பிறகு ஃபாதர் பக்கம் திரும்பினான். "நானா விரும்பித்தான் வந்தேன், ஃபாதர்."

"நானும்தான்" என்றாள் மெலிசா, அவர் கேட்பதற்கு முன்பே.