மண்டபத்து வாசலில் கட்டிய படம்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்குச் சிரிப்புப் படம் வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தவள் ஜூலியட். சுனாமி வந்த மறுநாள் ஆசிரியர் ரெமிஜியஸ் போன் செய்தார்.

"இந்த வாரம் படம் வேணாம்மா. நாடே அழுதுகிட்டிருக்கு. அந்த இடத்துல கறுப்புக் கட்டம் போட்டுடறேன்."

அவளுக்கும் அதுவே சரியென்று பட்டது. மாதா கோயில்காரர்களோடு வேனேறி, நாகூரில் ஒரு கல்யாண மண்டபத்து முகாமுக்குச் சோறு பரிமாறப் போய்விட்டாள்.

அங்கே லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கம்பளிக் கோட்டு, கிழிந்த ஜீன்ஸ், டை. யாரும் தொடவில்லை. மூட்டை பிரித்துப் பிரித்தே ஜூலியட்டுக்கு இடுப்பு ஒடிந்தது. ஒரு மத்தியானம் எரிச்சல் தாங்காமல், பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் வரைந்தாள்: கோட்டும் டையுமாக ஒரு மீனவர் கட்டுமரத்தைத் தள்ளுகிறார், மீன்கள் வரிசையாக நின்று சலாம் வைக்கின்றன.

வரைந்து முடித்ததும் உடம்பு கூசியது. கிழிக்கப் போனபோது பின்னால் அம்சம் நின்றிருந்தாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். முகாமுக்கு வந்ததிலிருந்து வாய் திறக்காதவள்.

"தப்பா எடுத்துக்காதம்மா," என்றாள் ஜூலியட்.

அம்சம் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"துபாய் போறதுக்கு எங்க வீட்டுக்காரருக்குக் கோட்டு மாட்டி போட்டா எடுத்தாங்கக்கா. இப்புடித்தான் நின்னாரு, தொண்டையில முள்ளு மாட்டுனாப்ல."

சொல்லும்போதே அம்சத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பாயில் படுத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து முறைத்தார்.

"பொணம் இன்னும் ஒதுங்கிக்கிட்டிருக்கு. சிரிப்பு கேக்குதா?"

"அழுறதுக்குத்தான் ராவெல்லாம் கெடக்கே, மாமா."

அட்டையை அம்சமே வாசல் தூணில் கட்டினாள். அடுத்து வந்த லாரி டிரைவர் அதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"அப்ப என்னதாங்க வேணும்?"

"உள்பாவாடை வேணும். சோறாக்கக் குண்டான் வேணும்," என்றாள் அம்சம்.

அடுத்த வாரம் பாவாடைக் கட்டு வந்தது. குண்டான் வரவில்லை.

ஜூலியட் அந்தப் படத்தைத் தாளில் திரும்ப வரைந்து ஆசிரியருக்கு அனுப்பினாள். "சிரிப்பு வருதும்மா. அதான் பயமா இருக்கு," என்றார். போடவில்லை. சண்டை பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை.

ஆனால் மத்தியானச் சோறு முடிந்ததும் முகாமில் யாராவது ஓர் அட்டையோடு அவளிடம் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி, கணக்கெடுக்க வரும் அதிகாரியின் தொப்பையை வரையச் சொன்னாள். தோளெல்லாம் வலித்தது. ஜூலியட் சுவரில் சாய்ந்துகொண்டு வரைந்தாள்.