நாற்பத்திரண்டு குடங்களும் லாயிட் வீட்டுக் குழாயும்

பெங்களூர் ஜீவனஹள்ளியின் அந்தச் சந்தில் பிளாஸ்டிக் குடங்கள் தாங்களாகவே கிளம்பிப்போய்க் குழாயடியில் வரிசை கட்டத் தொடங்கியது ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை. அன்று தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய். அதற்கு முன்பும் அங்கே குடம்தான் ஆள். குடத்தை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் குடத்துக்காரருடையது. அடுத்தவர் குடத்தை நகர்த்த அந்தச் சந்தில் பிறந்த யாருக்கும் கை வராது. இத்தனை வருஷம் ஆளுக்குரிய மரியாதையை வாங்கிப் பழகிய நாற்பத்திரண்டு குடங்களும் அன்று குதித்துக் குதித்துப் போய், நிரம்பியதும் ஒரு சொட்டுச் சிந்தாமல் வீடு திரும்பின. சிவப்புக் குடம் ஒன்று மட்டும் டீக்கடையில் கொஞ்சம் நின்றுவிட்டு வரும். அது அதன் சொந்தக்காரர் கோவிந்தப்பாவின் பழக்கம்.

இதனால் பிழைத்தவள் தனக்கோடி. பொம்மசந்திராவில் கார்மெண்ட்ஸ் வேலை. கம்பெனி வேன் ஆறரைக்கு வரும், தண்ணீர் ஏழரைக்கு வரும். இன்னொரு நாள் லேட்டானால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொன்ன வாரத்தில்தான் அவளுடைய மஞ்சள் குடம் நடந்தது. குழாயைத் திறந்து மூட மட்டும் ஒரு கை வேண்டியிருந்தது. குழாயை ஒட்டிய வீட்டு லாயிட், "நீ டூட்டிக்குப் போக்கா, நான் இருக்கேன்ல?" என்றான். கொரோனாவில் வேலை போய்க் கிடந்தபோது நாலு மாதம் அவள் வீட்டில் சாப்பிட்டவன். அவள் பிள்ளைகளுக்கு மாமா.

பொதுக்குழாய் இன்னும் தேவைதானா என்று பார்க்க ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தண்ணீர் வாரிய ஆபீசர் வந்தார். வரப்போவது லாயிட்டுக்குத் தெரியும்; சந்துக்குத் தெரியாது. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். குடங்கள் நகர்வதை ஆபீசர் பார்த்தார். அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. "யாரூ இல்வா இல்லி?" என்று, இங்கே யாருமே இல்லையா என்று கன்னடத்தில் கேட்டார். எல்லாரும் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், இருப்பது நான் ஒருவன்தான் என்று லாயிட் நல்ல கன்னடத்தில் சொன்னான். குடங்கள் ஒன்றையொன்று முட்டிச் சத்தம் போட்டன. ஆபீசர் எழுதிக்கொள்ளவில்லை. மறுவாரம் பொதுக்குழாயைப் பிடுங்கினார்கள். பைப் நேராக லாயிட்டின் சமையலறைக்குள் போனது.

லாயிட் சொன்னதை ஆபீசில் விசாரித்துத் தெரிந்துகொண்டு தனக்கோடி அவன் வாசலில் போய் நின்றாள். "நாங்க யாருமே இல்லையாடா? எப்படிடா வாய் வந்துச்சு உனக்கு?"

"நீ வீட்ல இல்லதானேக்கா?" என்றான் லாயிட்.

மறுநாள் அவள் ஆறரைக்கு வேனுக்குப் போகவில்லை. லாரித் தண்ணீருக்குப் போகலாம், வேலை போனால் போகட்டும் என்று குடத்தைத் தேடினாள். அது லாயிட்டின் வாசலில் நின்றது. பின்னால் நாற்பத்தொன்று. அவன் கதவைச் சாத்தினான். ஜன்னல் வழியாக இறங்கி அடுப்படியில் வரிசை கட்டின. தூக்கி எறியக் குனிந்தான். பொய்க்கு வாய் வந்தவனுக்கு, குடத்துக்குக் கை வரவில்லை. கடைசியில் குழாயைத் திறந்தான். கம்பெனி வேன் அன்று பஞ்சராகி ஒன்றரை மணி நேரம் தாமதம். தனக்கோடி ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தினமும் நாற்பத்திரண்டு குடம் போன பிறகுதான் லாயிட் பல் துலக்குகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்கோடி அந்த வாசலைக் கடக்கும்போது, "அக்கா" என்று கூப்பிடுகிறான். அவள் திரும்புவதில்லை. அவளுக்குப் பதிலாக மஞ்சள் குடம் ஒரு கணம் நிற்கிறது. பிறகு அதுவும் போய்விடுகிறது.