ஆளுக்கு ஒரு ஊசி

2005 ஆடிக் கிருத்திகை அன்று குன்றத்தூர் மலையடிவாரத்தில் மோர்ப் பந்தலையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துக்கொள்வதுதான் சுகாதார ஆய்வாளர் ஆபிரகாமின் வேலை. விடியற்காலையிலிருந்து நின்று கால் வீங்கிவிட்டது. நிழலுக்காகப் பச்சை குத்தும் கடையோரம் ஒதுங்கி உட்கார்ந்தார்.

கடைக்காரி ரத்தினம் ஒருவன் கையில் வேல் படம் குத்தி முடித்தாள். மிஷின் ஊசியைத் துணியில் துடைத்து, அதே மைக் கிண்ணத்தில் தோய்த்து, அடுத்தவன் கையில் வைத்தாள். அவர் எழுந்து பக்கத்தில் வருவதற்குள் நாலு எழுத்து ஏறிவிட்டது.

“நிறுத்தும்மா. ஆளுக்கு ஒரு ஊசி மாத்தக் கூடாதா?”

“கார்த்தாலேர்ந்து பத்தொம்போது பேருக்கு இப்டித்தான் சார் குத்திகினு கீறேன். லைசென்ஸ் வோணும்னா எங்க குடுக்கறாங்க, சொல்லு. வாங்கிக்கறேன்.”

ஆபிரகாம் பையிலிருந்த படிவங்களைப் புரட்டினார். டீக்கடைக்கு இருந்தது, பஜ்ஜிக் கடைக்கு இருந்தது. பச்சை குத்துவதற்கு இல்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

“அதுக்கு நாம பர்மிஷன் தர்றதும் இல்ல சார், தடுக்கறதும் இல்ல” என்றார் எழுத்தர்.

உட்கார்ந்திருந்தவன் பேச்சிராஜ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு கார் கம்பெனியில் வேலை செய்பவன். கட்டிக்கொள்ளப் போகும் பாண்டிச்செல்வியின் பெயரில் ‘பாண்டிச்’ வரைதான் ஆகியிருந்தது.

“பாதியில விட்டா எப்பிடி சார்? ஊர்ல சிரிப்பாவ.”

“உனக்கு முன்னாடி குத்திக்கினவங்க ரத்தத்துல இன்னா கீதுன்னு யாருக்குப்பா தெரியும்?” என்றார் ஆபிரகாம்.

பேச்சிராஜின் முகம் வெளிறியது. கையை மடியில் இழுத்துக்கொண்டான்.

“புது ஊசி எட்டுதான் கீது சார்” என்றாள் ரத்தினம்.

“எட்டு பேருக்குக் குத்திட்டு கடைய மூடு.”

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளுக்கும் அலுத்திருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினாள். முதலுதவிப் பந்தலிலிருந்து கையுறை வாங்கி வந்தார். ஆளுக்கொரு சோடா மூடியில் மை ஊற்றச் சொன்னார். முதல் ஊசியில் பேச்சிராஜின் ‘செல்வி’ முடிந்தது.

“மூணு மாசம் கழிச்சு ஆஸ்பத்திரிக்கு வா. ரத்தம் பாக்கணும்.”

எட்டாவது ஆள் எழுந்ததும் ரத்தினம் மிஷினைத் துணியில் சுற்றினாள்.

“தேரடியாண்ட இன்னும் ரெண்டு பேரு குத்திகினு கீறாங்க சார்.”

ஆபிரகாம் செருப்பை மாட்டிக்கொண்டு தேரடிப் பக்கம் நடந்தார்.

ஐப்பசியில் ஒரு மதியம், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு பேச்சிராஜ் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை.

“மூணு மாசமா சரியாத் தூங்கல சார்” என்று சொல்லி, சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவனுக்கு முன்னால் குத்திக்கொண்ட பத்தொன்பது பேரில் ஒருவரும் வரவில்லை. அவர்களைத் தேட ஆபிரகாமிடம் ஒரு பெயர்கூட இல்லை.