கட்டத்துக்கு வெளியே

பழைய கல்குவாரி ஒன்று தண்ணீர் நிரம்பி ஏரியாகிக் கிடந்தது. அதன் ஓரத்தில் அறுந்து விழுந்த பம்பைத் தேடி மூழ்கப் போகிறவன் தம்பி. ஊரே அவனைத் தவளை என்றுதான் கூப்பிடும். அடித்தரையின் படத்தைப் போட்டுக் கொடுத்தவள் அக்கா.

படகில் போய்ப் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் கட்டமாக ஆழம் அளந்திருந்தார்கள். இடைப்பட்ட ஆழங்களை அவள் கணினியில் எழுதிய பைத்தான் நிரல் நிரப்பியது.

"யாருமே அளக்காத எடத்துல இருபத்திரெண்டு மீட்டர்னு போட்டிருக்கே. கனவுல வந்துச்சா?"

கிண்டலடித்துக்கொண்டே நடு ஏரியில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினான் தவளை. இருபத்திரண்டு. ஒரு சாண்கூட வித்தியாசமில்லை. அவளுக்கே மெய்சிலிர்த்தது. சுற்றியிருக்கும் நாலு எண்களை மட்டும் கேட்டு, இருட்டில் கிடக்கும் தரையை அந்த நிரல் தொட்டுவிட்டதே!

கரைக்கு வந்ததும், "இனிமே உன் படத்தை நம்பிக் கண்ணை மூடிட்டு எறங்குவேன்க்கா," என்றவன் பம்பு விழுந்த ஓரத்தை அச்சிட்ட படத்தில் காட்டினான். "இங்க முப்பது. அதுக்குத் தகுந்தாப்லதான் சிலிண்டர்ல காத்து அடைச்சிருக்கேன்."

அவள் படத்தை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தாள். உடைந்த மேடை ஒன்று மறித்ததால் அந்த ஓரத்துக்குப் படகு போகவே இல்லை. அங்கே வெள்ளையாக அல்லவா இருக்கவேண்டும்? மடிக்கணினியைத் திறந்தாள். கட்டத்துக்கு வெளியே என்ன நிரப்புவது என்பதற்கு அவள் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் படமும் காலியாக இருக்கும் என்பது அவள் நினைப்பு. நிரலோ கடைசிச் சரிவை அப்படியே நீட்டி, கூசாமல் முப்பது என்று எழுதிவைத்திருந்தது. முப்பதில் தரை தட்டாவிட்டால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறங்கிப் பார்க்கிற ஆள் அவன்.

"எறங்காதே! அந்த முப்பது பொய்."

"இப்பத்தானே சாண் பிசகாம சொன்னுச்சு?"

"அங்க நாலு பக்கமும் அளந்த புள்ளி இருந்துச்சு. இங்க ஒண்ணுமே இல்ல. நான்தான் கோட்டை விட்டுட்டேன்."

தவளை மிதந்தபடியே மேடையைச் சுற்றிப் போய்க் குண்டை விட்டான். முப்பது போனது. நாற்பது போனது. ஐம்பது மீட்டர் கயிறும் தீர்ந்தது. குண்டு எதையும் தொடவில்லை. கயிற்றின் நுனியைப் பிடித்தபடி அவன் அசையாமல் மிதந்தான்.

அவன் கரையேறியபோது அக்கா படத்தைத் திருத்தியிருந்தாள். திரையின் ஓரம் வெறும் வெள்ளை. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அந்த வெள்ளையை மெல்லத் தொட்டான்.

"எவ்வளோ ஆழம்க்கா இது!"