இருபது பவுண்டுப் பொரி

பன்னிரண்டு பேருக்குத்தான் பெர்மிட். பதினோரு பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேர் நின்றோம்: நானும் நஞ்சுண்டன் அண்ணாவும்.

சியரா மலையில் இரண்டு நாள் நடை. எனக்கு மலை மேல் அப்படியொன்றும் காதல் கிடையாது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், பிள்ளை பெற ஆஸ்பத்திரியில் படுத்ததைத் தவிர, நான் வீட்டை விட்டு இரண்டு நாள் தனியாக இருந்ததில்லை. இரண்டு நாள் ஒருத்தரும் என்னிடம் "இன்னைக்கு என்ன டிபன்?" என்று கேட்கக் கூடாது. அதற்கு எந்த மலையானாலும் ஏறத் தயார்.

எங்கள் ஃப்ரீமான்ட் நடைக்குழுவை நடத்துபவர் நெடுஞ்செழியன். சம்பளமில்லாத வேலை என்பதால் ரொம்பக் கண்டிப்பு. கழுத்தில் விசில், கையில் பெயர்ப் பட்டியல், இடுப்பில் ஊருக்குப் போகும் பெட்டியை எடை போடுகிற கொக்கித் தராசு. அவர் வைத்த பரீட்சை இதுதான்: முதுகில் இருபது பவுண்டுப் பையோடு எங்கள் ஊர் மலையான மிஷன் பீக் ஏற வேண்டும். எங்கள் இருவரில் முதலில் உச்சிக்குப் போகிறவருக்கு அந்த இடம்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பார்க்கிங்கில் எடை போட்டார். என் மகனின் பழைய ஸ்கூல் பையில் பத்துப் பவுண்டு அரிசியும் ஒரு கேலன் தண்ணீரும் வைத்திருந்தேன். இருபது காட்டியது. நஞ்சுண்டன் அண்ணாவின் பை வேறு ஜாதி. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில்கூட அத்தனை அறைகள் கிடையாது. அவர் ஏதோ கம்பெனியில் டைரக்டர். நடக்கும்போதும் நம்மை டைரக்ட் பண்ணிக்கொண்டே வருவார்.

"இருபது பாயின்ட் ஆறு," என்றார் நெடுஞ்செழியன்.

"சோனா மசூரி. பிரிக்காத மூட்டை," என்று பையைத் தட்டினார் நஞ்சுண்டன் அண்ணா. உடனே, "அடடா, சன்ஸ்கிரீன் கார்லயே இருக்கு," என்று ஓடினார். சன்ஸ்கிரீன் எடுக்க எதற்குப் பையையும் தூக்கிக்கொண்டு போகிறார் என்று தோன்றியது. விலை உயர்ந்த பை, பயமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஏறத் தொடங்கியதும் மனுஷன் பறந்தார். நிழலே இல்லாத மொட்டை மலை. மற்றவர்களெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏற, ஐம்பத்தொரு வயதில் இவர் முன்னால் போய் நின்று எனக்குப் பாடம் எடுத்தார்.

"சின்னச் சின்ன ஸ்டெப்பா வை வசந்தா. மூக்குல இழு, வாய்ல விடு."

"எதைங்கண்ணா?"

"காத்தைத்தான்."

முதல் ஓய்வு ஒரு பெஞ்சருகே. பைகளை இறக்கிப் போட்டோம். மேய்ந்துகொண்டிருந்த மாடுகளோடு செல்ஃபி எடுக்க அவர் போனார். அவர் பை பாதையின் குறுக்கே கிடந்தது, மேலேயிருந்து ஒரு சைக்கிள் வந்தது. இருபது பவுண்டு என்று நினைத்து வெடுக்கென்று தூக்கினேன். பை என் மூக்குக்கு வந்துவிட்டது.

என் அம்மா கரூரில் சித்தாள். பிளஸ் டூ முடிக்கும்வரை லீவு நாளில் நானும் சித்தாள்தான். சட்டியில் கலவை ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் கழுத்துக்குத் தெரிந்துவிடும். இந்த உடம்பிடம் மூன்று பவுண்டை இருபது என்று சொல்லி நம்ப வைக்க முடியாது.

நல்ல பைகளுக்கு அடியிலும் ஒரு ஜிப் இருக்கிறது. திறந்து பார்த்தேன். பொரி. மௌரி அவென்யூ இந்தியக் கடையில் தொங்குமே, தலையணை மாதிரி உப்பின பாக்கெட்டுகள், மூன்று. அரிசி மூட்டை காரில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நெடுஞ்செழியனிடம் சொல்லியிருக்கலாம். அவர் கமிட்டி கூட்டுவார், விசாரணை வைப்பார், அது முடிவதற்குள் சியராவில் பனி விழுந்துவிடும். கட்டட வேலையில் இதற்கு வேறு வழி வைத்திருந்தோம். வேலைக்கு டிமிக்கி கொடுப்பவனின் சட்டியில் இரண்டு கரண்டி கலவை கூடப் போடுவோம். சட்டியை நிரப்புகிறவள் முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு இரண்டு கல்லைப் பொறுக்கி அடி ஜிப்புக்குள் வைத்தேன்.

இரண்டாவது ஓய்வில் அவர் செல்ஃபி எடுக்கவில்லை. பாறை மறைவில் ஒதுங்கப் போனார். நான் மூன்று கல் வைத்தேன். திரும்பி வந்து பையை மாட்டியவர் ஓரடி பின்னால் தள்ளாடினார்.

"என்னங்கண்ணா, முகமெல்லாம் செவந்துருக்கு?"

"எலிவேஷன். மேல போகப் போக வெயிட் ஜாஸ்தியா ஃபீல் ஆகும்."

"எனக்கு ஆகலையே."

"உனக்குத் தெரியாது. இதெல்லாம் சயின்ஸ்."

பையைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது எப்படித் திறப்பார், உள்ளே பொரி அல்லவா? மூன்றாவது ஓய்வில் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்துவிட்டார். மிச்சம் இரண்டு கல். ஏழாவதை வைத்ததும் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். இருபது. அவர் ஒப்புக்கொண்ட எடைக்கு மேல் ஒரு கல்கூட வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எனக்கு மூச்சுவிடச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வழியில் எங்கள் குழுவின் சாரதா அக்கா தண்ணீர் தீர்ந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். என் கேலனில் பாதியை அவர் பாட்டில்களில் ஊற்றிவிட்டு நடந்தேன். அப்படியும் உச்சியைத் தொட்டது நான்தான் முதலில். நஞ்சுண்டன் அண்ணா வர இன்னும் பதினாலு நிமிஷம் ஆனது. வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நெடுஞ்செழியன் இடுப்பிலிருந்து தராசை எடுத்தார்.

"மறுபடியுமா?" என்றேன்.

"போன தடவை பாதி வழியில வெயிட்ட கழட்டிட்டு வந்தாங்க. அதான் சர்ப்ரைஸ் செக்."

என் பை பதினாறு.

"அவ தண்ணிய நான்தான் குடிச்சேன்," என்றார் சாரதா அக்கா.

"நல்ல விஷயம்க்கா. ஆனா பதினாறு பதினாறுதான்."

நஞ்சுண்டன் அண்ணாவின் முகம் வெளுத்துவிட்டது. பையைத் தர மனமில்லாமல் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெடுஞ்செழியன் பிடுங்கிக் கொக்கியில் மாட்டினார்.

"இருபது பாயின்ட் மூணு. கங்கிராட்ஸ் சார். சீட் உங்களுக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கையால் பொறுக்கி, என் கையால் வைத்து, அந்த ஆளைப் பாஸ் பண்ண வைத்திருக்கிறேன்.

சும்மா இருக்க முடியவில்லை. "எல்லாருக்கும் பசிக்குது. அந்தப் பொரிய எடுங்கண்ணா," என்றேன்.

"எந்தப் பொரி?"

"பொரியா?" என்று எழுந்தார் சாரதா அக்கா. "எங்கிட்ட வேர்க்கடலை இருக்கு. வெங்காயம்கூட நறுக்கிக் கொண்டாந்திருக்கேன்."

அதற்குமேல் எங்கள் கூட்டத்தை யார் தடுப்பது? நெடுஞ்செழியனே பையைத் திறந்து கவிழ்த்தார். பொரி, பொரி, பொரி. அப்புறம் தொம்தொம்மென்று ஏழு கல்.

"சார், அரிசின்னு சொன்னீங்க?"

நஞ்சுண்டன் அண்ணா கற்களைப் பார்த்தார், பொரியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். டைரக்டர் வேலையை அந்த மனுஷனுக்குச் சும்மா கொடுக்கவில்லை.

"ரைஸ் பேக் எல்லாம் பிகினர்ஸுக்கு," என்றார். "கல்லுலதான் பேலன்ஸ் வரும். கார்ல மாத்திக்கிட்டேன்."

"பார்க்ல எடுத்ததா? இங்க ஒரு கல்லு எடுத்தாலும் பார்க் சட்டப்படி தப்பு சார்."

"சேச்சே. எங்க வீட்டு பேக்யார்டு கல்லு."

"அப்போ ஒண்ணுகூட இங்க விட்டுட்டுப் போகக் கூடாது. வெளிக் கல்லு." நெடுஞ்செழியன் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'கல் 7' என்று எழுதிக்கொண்டார். "கீழ போனதும் எண்ணிப் பாப்பேன்."

பொரி ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தது. கற்கள் பைக்குள் போயின.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். பாரம் முழுதும் முட்டியில் உட்காரும். அரை மைல் போவதற்குள் நஞ்சுண்டன் அண்ணா கூட்டத்துக்குக் கடைசியாகிவிட்டார். நானும் வேண்டுமென்றே கடைசியானேன். ஒரு திருப்பத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீதானே?"

"என்னதுங்கண்ணா?"

"உள்ள பொரி இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அரிசி இல்லைன்னு தெரிஞ்ச மாதிரிதான்."

முட்டியைத் தடவிக்கொண்டார். "மனசாட்சி வேணாமா? இத்தனை கல்லு."

"இருபதுக்கு மேல வைக்கலைங்கண்ணா. தராசே சொல்லுச்சே."

"என் முட்டி போச்சு வசந்தா. நீ வாங்கி உன் பையில வச்சுக்கோ. கீழ போனதும் குடுத்துடு."

"வச்சுக்கலாம். சியராவுக்கு ரெண்டு நாளும் இதே இருபது பவுண்டைத் தூக்கணுமே, என்ன பண்ணுவீங்க?"

"அது அப்போ பாத்துக்கலாம்."

"அப்போ இதுவும் கீழ போய்ப் பாத்துக்கலாம்." நான் திரும்பி நடந்தேன். பத்தடிகூட வைக்கவில்லை.

"ஏம்மா. நில்லு."

அவர் போனை எடுத்து நெடுஞ்செழியனுக்கு வாட்ஸப்பில் தட்டினார். வாங்கிப் படித்தேன். 'குடும்பக் காரணங்களால் யோசித்து முடிவு சொல்கிறேன்' என்றிருந்தது.

"யோசிக்கிறதெல்லாம் வேண்டாங்கண்ணா."

முனகிக்கொண்டே அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: 'முட்டி வலி. என் இடத்தை வசந்தாமணிக்குக் கொடுங்கள்.' நானே அம்புக்குறியை அமுக்கினேன்.

"அனுப்பியாச்சுல்ல? எடு கல்ல."

"இன்னும் போகலைங்கண்ணா. இங்க சிக்னல் கம்மி."

ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அந்தச் சின்னக் கடிகாரக் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மாடு வந்து நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. அவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கை வலித்தது போல. மறு கைக்கு மாற்றினார்.

ஒரு டிக் விழுந்தது. அடி ஜிப்பைத் திறந்து மூன்று கல்லை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"மிச்சம்?"

"ரெண்டாவது டிக் விழட்டுங்கண்ணா," என்றேன்.